எண்ணெய் உருவகம்தான், கடன்காரன் உருவகமல்ல

எகிப்து என்பது உன் பயம். செங்கடல் உன் தடை. பார்வோன் உன் பழைய எண்ணம். கானான் என்பது நீ மனத்தில் வரைந்து வைத்திருக்கும் வீடு, கார், வங்கி இருப்பு. கைபேசியைத் திறந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும் இப்படிப்பட்ட பிரசங்கங்கள் வரிசைகட்டி வருகின்றன. புத்தகக் கண்காட்சிகளிலும் ஆழ்மனம், ஈர்ப்பு விதி என்று மின்னும் அட்டைகள் ஒரு மேசையையே பிடித்துக்கொள்கின்றன. வேதத்தை உருவகமாக வாசி, உன் அகம் நிறையும், அகம் நிறைந்தால் பை நிறையும் என்பதே சாரம்.

இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இரண்டு வகை. வேதத்தில் உருவகமே கூடாது, எழுதியிருப்பது எழுதியபடி என்பவர்கள் ஒரு வகை. வேதமே ஏமாற்று, அதில் உருவகம் என்ன, எழுத்து என்ன என்பவர்கள் மற்றொரு வகை. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. வேதத்தை உருவகமாக வாசிக்கலாம், வாசிக்கவும் வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் உள்ளுக்குள் ஒரு நிறைவு வரும் என்பது என் அனுபவம். என் வழக்கு வேறு. எதை உருவகமாக வாசிப்பது, எதை எழுத்தின்படி விட்டுவிடுவது என்பதில் இன்று எல்லாமே தலைகீழாக நடக்கிறது.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். இறையியல் படித்தவன் அல்ல. தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், கூட்டுறவுக் கடன் சங்கத்தின் நகைக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் திருச்சபைச் சேகரத்தில் பெரியவர்களுக்கு வேதபாடம் நடத்துகிறேன். அந்தச் சங்கத்தில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கம்மல்கள் உள்ளே வரும். பிசான நெல் அறுவடை முடிந்ததும் அவற்றில் பாதி வெளியே போகும். தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொண்டு கொடியை மட்டும் சாளரத்துக்குள் நீட்டுவார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிற நேரத்தில் எதிரே நிற்பவர்களின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். திருப்பாத நகைக்கு ஏல அறிவிப்பு அனுப்புவதும் என் மேசை வேலைதான்.

நாளெல்லாம் அடுத்தவர் தங்கத்தை நிறுக்கிறவனுக்கு இரண்டு நோய் வரும். ஒன்று ஆசை. மற்றொன்று அதைவிட மோசம், மரத்துப்போதல். கம்மல் வெறும் கிராமாகிவிடும், கம்மலுக்குரியவள் வெறும் கணக்கு எண்ணாகிவிடுவாள். எனக்கு இரண்டும் எட்டிப் பார்த்தன. அந்தக் காலத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். வனாந்தரத்தில் மன்னா பொழிகிறது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு பொறுக்கிக்கொள்ளலாம். அதிகம் பொறுக்கினவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் பொறுக்கினவனுக்குக் குறையவில்லை. நாளைக்கென்று எடுத்துவைத்தது புழுத்து நாறியது. என்றோ நடந்த ஒரு பயணத்தின் ரேஷன் கணக்காக மட்டும் இதை வாசித்தால் எனக்கு அதில் என்ன இருக்கிறது? நான் அதை உள்ளே திருப்பிப் பார்த்தேன். என்னைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றவன் மேல் வைத்திருந்த மனக்குறை, நான் விடிய விடிய எடுத்துவைத்த மன்னா. காலையில் அதில் புழு. அன்றன்றைக்குரியதை அன்றன்றைக்குப் பொறுக்கிக்கொள்கிற மனம் வாய்த்தால், வாடகை வீட்டிலும் ஒருவன் குறைவில்லாமல் இருக்கலாம் என்று அந்தப் பகுதி எனக்குச் சொல்லித் தந்தது. அகவளம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்படி வாசிப்பது நேற்று அமெரிக்காவில் முளைத்த புதுமை அல்ல. கலாத்தியருக்கு எழுதும்போது பவுலே ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளுக்கு உருவகமாக்குகிறார். ஏறக்குறைய அதே காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பைலோ, ஆபிரகாம் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டதை, ஆன்மா புலன்களின் பிடியை விட்டுப் புறப்படுகிற பயணமாக வாசித்தார். மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இன்னும் ஆழமாகப் போனார். ஆதியாகமம் 26இல், தகப்பன் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்துவிட, ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டுகிறான். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஊற்று இருக்கிறது, நாம்தான் மண்ணைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம், தோண்டினால் வரும் என்று ஓரிகன் அதற்குப் பொருள் சொன்னார். ஈசாக்கின் வேலைக்காரர்கள் ஒரு கிணறு தோண்ட, கேராரின் மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அதை விட்டு அடுத்தது தோண்ட, அதற்கும் சண்டை. அதையும் விட்டுவிட்டு மூன்றாவது தோண்டுகிறார்கள். அங்கே சண்டை இல்லை. வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் கண்ட எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, இரண்டு கிணற்றை விட்டுக்கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தோண்ட எவ்வளவு உள்வளம் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

தமிழுக்கும் இந்த வாசிப்பு பழக்கமானதே. ஆழ்வார் பாசுரங்களில் தூது போகும் பறவைகளை ஆசாரியர்களாகவும், தலைவியின் ஏக்கத்தை உயிரின் ஏக்கமாகவும் காண்கிற வைணவ உரைமரபுக்குச் சுவாபதேசம் என்று பெயரே உண்டு. ஆண்டாளின் திருப்பாவையில் குடம் குடமாகப் பால் சொரியும் பசுக்களைக் கேட்டதற்குமேல் வழங்கும் குருமார்களாகக் கண்டவர்களும் உண்டு. ஆனால் அதே ஆண்டாள் அதே பாட்டில் மாதம் மூன்று மழை கேட்கிறாள். செந்நெல் வயலில் மீன் துள்ள வேண்டும் என்கிறாள். உட்பொருள் சொன்ன எந்த உரைகாரரும் ஊருக்கு மழை வேண்டாம் என்று சொல்லவில்லை. காந்தியும் கீதையின் குருச்சேத்திரத்தை மனித நெஞ்சுக்குள் நடக்கும் போராக வாசித்தார். அப்படி வாசித்தவர் சம்பாரணில் அவுரி விவசாயிகளை உட்கார வைத்து, ஆயிரக்கணக்கானவர்களின் வாக்குமூலத்தை எழுத்து எழுத்தாகப் பதிவுசெய்தார். அவர்களுடைய துன்பத்தை அவர் உருவகமாக்கவில்லை.

திருப்பம் நேர்ந்தது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். மெய்ன் மாநிலத்துக் கடிகாரத் தொழிலாளி பினியஸ் குவிம்பி, நோய் மனத்தின் தப்பெண்ணத்தில் பிறக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதை வேதத்தோடு இணைத்தார்கள். அவர்களில் நான் மதிக்கும் தம்பதி கன்சாஸ் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் பில்மோரும் மிர்ட்டிலும். மிர்ட்டில் காசநோயாளி, சார்லசுக்குச் சிறுவயதில் பனிச்சறுக்கில் இடுப்பு அடிபட்டு ஒரு கால் குட்டை. 1886இல் மிர்ட்டில் ஒரு சொற்பொழிவைக் கேட்டு, தான் கடவுளின் பிள்ளை, நோயைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்ற எண்ணத்தைப் பற்றிக்கொண்டார். நாளடைவில் உடல் தேறினார். மனைத் தொழிலில் இருந்த சார்லஸ் 1889இல் பத்திரிகை தொடங்கினார். யூனிட்டி என்ற இயக்கம் அப்படி வளர்ந்தது. பிரார்த்தனைக்குக் கட்டணம் இல்லை, கொடுப்பவர் கொடுக்கலாம் என்பது அவர்களுடைய ஒழுங்கு. இன்றைய பல கூட்டங்களைப் பார்க்கும்போது இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

வேதாகமத்தில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஊருக்கும் ஒரு மனநிலையைப் பொருளாகக் கொடுத்து, 1931இல் யூனிட்டி ஓர் அகராதியே வெளியிட்டது. பன்னிரண்டு சீடர்களும் மனிதனுக்குள் இருக்கும் பன்னிரண்டு ஆற்றல்கள் என்பது சார்லசின் போதனை. நியூயார்க்கில் எம்மெட் பாக்ஸ் மலைப்பிரசங்கத்தை இதே முறையில் விளக்கி 1934இல் நூலாக்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்து நின்ற கூட்டம் அவருடைய அரங்குகளை நிறைத்தது. இந்தப் போதனையை நான் இளக்காரம் செய்யமாட்டேன். நெஞ்சு உடைந்து கிடப்பவனுக்கு, உன்னிடம் இன்னும் ஏதோ இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குடியை விட்டவர்களை, சீட்டுப் போட்டுச் சேமிக்கத் தொடங்கியவர்களை என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் 1936இல் சார்லஸ் பில்மோர் செழிப்பு பற்றி எழுதிய நூலில் ஒரு காரியம் செய்தார். 23ஆம் சங்கீதத்தை மாற்றி எழுதி, மேய்ப்பன் இருந்த இடத்தில் வங்கியாளரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் வங்கிக்கு ஒன்றுவிட்ட சகோதரனான கடன் சங்கத்தில் உட்கார்ந்தவன். சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1933 மார்ச்சில், அமெரிக்க அதிபராக ரூஸ்வெல்ட் பதவியேற்ற கையோடு நாட்டின் எல்லா வங்கிகளையும் சில நாள் இழுத்து மூட வேண்டி வந்தது. சிரிப்பை விடுங்கள். அங்கே நடந்த இடமாற்றத்தைக் கவனியுங்கள். இருண்ட பள்ளத்தாக்கில் துணையாக வருகிற மேய்ப்பன் என்ற அகப்பொருள் போய், கடன் கொடுக்கிற கணக்கு என்ற புறப்பொருள் வந்துவிட்டது. உருவகமாக இருந்தது எழுத்தாகிவிட்டது. இதன் மறுபாதியும் பின்னாலேயே வந்தது. எழுத்தாக இருக்க வேண்டியது, அதாவது ஏழை, கடன், கூலி, பசி எல்லாம் உருவகமாகிவிட்டன. வறுமை என்பது ஓர் எண்ணப் பிழை என்று ஆனது. பின்னால் ஜோசப் மர்பி 1963இல் எழுதிய ஆழ்மனப் புத்தகம் வழியாகவும், வேறு பல கிளைகள் வழியாகவும் இந்தச் சிந்தனை உலகெங்கும் போயிற்று, தமிழிலும் விற்கிறது.

எடுத்துக்காட்டாக, செழிப்புப் பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்றையே முழுதாக வாசிப்போம். இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றும் இல்லை என்கிறாள். போய் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கு, கொஞ்சமாக வாங்காதே, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்று என்கிறார். ஊற்ற ஊற்ற எண்ணெய் வருகிறது. பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெய் நின்றுபோகிறது.

உருவகமாக வாசித்தால் இது அபாரமான பகுதி. இல்லாததைப் பார்த்து அழாதே, இருப்பதைப் பார். கதவைப் பூட்டு, அதாவது உள்ளே போ. எவ்வளவு ஏந்துகிறாயோ அவ்வளவு நிறையும். என் வேதபாட வகுப்பில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன், சொல்வேன்.

ஆனால் பிரசங்கி தொடங்குகிற இடத்துக்கு முன்னாலும், முடிக்கிற இடத்துக்குப் பின்னாலும் கதை இருக்கிறது. முதல் வசனத்திலேயே கடன்காரன் வந்து நிற்கிறான். செத்துப்போன புருஷன் வாங்கிய கடனுக்கு இரண்டு பையன்களையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறான். கடைசி வசனத்தில் எலிசா, எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீதியை வைத்து நீயும் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அற்புதத்தின் முடிவில் ஒரு விற்பனை, ஒரு கடன் தீர்வு, ஒரு மீதி. இதைவிடச் சுத்தமான பற்றுவரவுக் கணக்கை நான் என் பேரேட்டிலும் எழுதியதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தப் பாத்திரங்கள் அவளுடையவை அல்ல. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்தவை. கடனில் மூழ்கிய வீட்டுக்குப் பாத்திரம் இரவல் கொடுக்க ஒரு தெரு முழுக்க ஆள் இருந்தது. எண்ணெய் உள்ளே பெருகியது. அதை ஏந்திக்கொள்ளப் பாத்திரம் வெளியே இருந்து வந்தது. கடனும் வெளியேதான் தீர்ந்தது. நடுப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் பிரசங்கம் செய்தால் கடன்காரன் தப்பித்துவிடுகிறான், தெருவும் தப்பித்துவிடுகிறது.

அறுத்தெடுத்த பகுதி என்ன செய்யும் என்று என் சாளரத்தில் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி கம்மலோடு வந்தாள். ஜூன் மாதம் இல்லை, வீட்டில் நோய் நொடியும் இல்லை. எதற்கம்மா என்று கேட்டேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியின் ஆசீர்வாதக் கூட்டத்தில் காணிக்கை பொருத்தனை செய்துவிட்டாளாம். “வெறும் பாத்திரமா ஆனாத்தான அண்ணாச்சி எண்ணெய் ஊத்துவாரு?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மதிப்பீடு முடிந்து, சீட்டில் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுத்தேன். வேதத்தின்படி அந்தக் கதையில் விதவையிடமிருந்து தீர்க்கதரிசி ஒரு சொட்டு எண்ணெயும் வாங்கவில்லை. அவளுடைய பிரசங்கி வாங்கிக்கொண்டார். அவருக்கு மட்டும் காணிக்கை எழுத்தின்படி. அவளுக்கு எண்ணெய் உருவகமாக.

கடன் எங்கள் மாவட்டத்தில் எப்படிப்பட்டது என்று தமிழ்நாடே ஒருமுறை பார்த்திருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனுமேல் மனு கொடுத்துப் பார்த்த ஒரு தகப்பனும் தாயும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் தீயில் மாண்டார்கள். அதீத வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தத் தம்பதியிடம் போய், உங்கள் கடன்காரன் உங்கள் மனத்தில் இருக்கும் எதிர்மறை எண்ணம் என்று யார் சொல்ல முடியும்? சொன்னால் அது வேத விளக்கமா?

ஆகவே என் விதி எளியது. தருவேன் என்கிற வசனத்தை எனக்கு வரும்போது உள்ளே வாசிக்க வேண்டும். கொடு என்கிற வசனத்தை அயலானுக்காக வெளியே, எழுத்தின்படி வாசிக்க வேண்டும். என் மன்னா, என் கிணறு, என் எண்ணெய் எல்லாம் உருவகமாகலாம். அடுத்தவன் பசி ஒருபோதும் ஆகாது. பசித்தவன் தனக்கு அரிசி வேண்டும் என்று ஜெபித்தால் அது அரிசிக்கான ஜெபமேதான். அதற்கு உட்பொருள் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இது நானாகக் கட்டியது அல்ல. உருவக வாசிப்பின் பெரியவர்களே வைத்த வேலி. உட்பொருள் தெரிந்துவிட்டது என்பதற்காக வெளி நியமத்தை விட்டுவிடுகிறவர்களைப் பைலோ கண்டிக்கிறார். எழுத்து உடல், உட்பொருள் உயிர். உயிர் குடியிருக்கிற வீடு என்பதால் உடலைப் பேண வேண்டும் என்கிறார். ஓய்வு நாளின் ஆழ்ந்த தத்துவம் புரிந்துவிட்டதால், அன்றைக்கு நெருப்பு மூட்டலாம், நிலம் உழலாம், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஆகிவிடாது என்று பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலில் கடன் வசூல் இருப்பதைப் படித்தபோது, இரண்டாயிரம் ஆண்டு தாண்டி ஒரு மனிதர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது போலிருந்தது.

பண்டைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: கடவுள்மேலும் அயலான்மேலும் அன்பை வளர்க்காத விளக்கத்தைச் சொல்பவர், வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. விளக்கங்களுக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியா நகரத்து ஆயர் பசில், படைப்பு பற்றிய பிரசங்கத்தில், புல் என்று படித்தால் நான் புல் என்றே புரிந்துகொள்வேன் என்ற கருத்தைச் சொல்லி உருவகக்காரர்களைக் கேலி செய்தவர். அவர் பஞ்சத்தின்போது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமையை எடுத்தார். களஞ்சியத்தையும் களஞ்சியமாகவே வாசித்தார். உன்னிடம் பூட்டிக் கிடப்பது பசித்தவனுக்குரியது என்று ஊர்ச் செல்வந்தர்களின் முகத்துக்கு நேரே வாதாடினார். தானியம் வெளியே வரவேண்டியிருந்தது. அந்த நாளில் உருவகம் உதவாது.

மன்னாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை உள்ளே வாசித்ததைச் சொன்னேன். பவுலும் அதை உருவகமாகக் கையாள்கிறார், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் 8ஆம் அதிகாரத்தில். எதற்குத் தெரியுமா? எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டுவதற்கு. மிகுதியாய்ப் பொறுக்கினவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ப் பொறுக்கினவனுக்குக் குறையவில்லை என்பதை எடுத்துக்காட்டி, உங்கள் மிச்சம் அவர்கள் குறைச்சலை நிரப்பட்டும், சமநிலை வரட்டும் என்கிறார். வேதமே தன் செழிப்புக் கதைக்குத் தந்த உருவக விளக்கம் ஒரு நிதி வசூலில் போய் முடிகிறது. வசூலித்த பணம் வசூலித்தவர் கைக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அகவளத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. மனமே சூழலைச் செய்கிறது என்று எழுதிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஆலன், தன் புகழ்பெற்ற 1903ஆம் ஆண்டு நூலுக்குத் தலைப்பை நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். அந்த நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை, அப்போது அவர் சிறையில் இருந்தார். செக்கிழுத்த கை அது. விடுதலைக்குப் பிறகு, வழக்கறிஞர் உரிமமும் போய் வறுமையில் உழன்ற காலத்தில், 1914இல் ‘அகமே புறம்’, 1916இல் ‘வலிமைக்கு மார்க்கம்’ என்று ஆலனின் மற்ற நூல்களையும் கொண்டுவந்தார். ஆலனின் கருத்தை அப்படியே பிடித்துக்கொண்டால் ஏழைக்கு அவன் எண்ணமே காரணம் என்று முடிக்க இடமுண்டு. வ.உ.சி. அப்படி முடிக்கக்கூடிய ஆளா? சிறைக்குப் போவதற்குச் சற்று முன், 1908இல், தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார். தொழிலாளிகளைப் பார்த்து எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. தன் தண்டனையைத் தாங்க அகத்தைப் பார்த்தார். அடுத்தவன் கூலிக்குப் புறத்தைப் பார்த்தார். அவர் பின்னாளில் மணக்குடவர் உரையோடு பதிப்பித்த வள்ளுவரும் அப்படித்தான். அருளே பெரிய செல்வம், பணம் இழிந்தவரிடமும் இருக்கும் என்று சொன்ன புலவர்தான், இரந்துதான் உயிர் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்தார்.

எங்கள் சபைகளுக்கும் இது தெரியாத ஞானம் அல்ல. என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். அந்த அரிசி, ஒன்றும் இல்லாதவர் வீட்டுக்கும் உபதேசியார் படிக்கும் போகும். ஆறு பிள்ளைகள் இருந்த வீடு, அளந்து போடுகிற உலை. அதிலும் ஒரு பிடி மிச்சம் என்று நினைக்கத் தெரிந்த அவளைவிட உள்ளே செழித்தவர்களை நான் பார்த்ததில்லை. அசனப் பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, பாத்திரத்திலும் வாங்கிக்கொண்டு போகிறதே, அதுவும் அந்த மரபுதான். செழிப்பு என்றால் என்ன என்று எங்களுக்கு வெளியூர்ப் பிரசங்கி வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். நெகேமியா 5ஆம் அதிகாரத்தை எந்தச் செழிப்புக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. பஞ்சத்தில் தானியத்துக்காகவும், ராஜாவின் வரிக்காகவும் ஜனங்கள் நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துவிட்டு, பிள்ளைகளை அடிமைத்தனத்துக்குக் கொடுத்துவிட்டு அழுகிறார்கள். நெகேமியா கோபப்படுகிறான், கடன் கொடுத்த பெரியவர்களைச் சபை கூட்டி நிறுத்தி, நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், வாங்குகிற வட்டியை விடுங்கள் என்கிறான். தானும் கடன் கொடுத்தவர்களில் ஒருவன் என்பதால் தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறான். அவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஊர்களில் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய்க்கும் ஒரு சேவலுக்கும் போட்டி போட்டு விலை ஏற்றுகிறோம். அதில் வரும் பணத்தில் கட்டடத்துக்கு ஒரு பங்கு போகட்டும். இன்னொரு பங்கை, அந்தச் சேகரத்தில் கந்துவட்டியில் சிக்கிய ஒரு வீட்டைத் திருப்புவதற்கு ஒதுக்குங்கள். சாதி, சபை பார்க்காமல், தேவை பார்த்து ஒரு வீடு. வட்டி இல்லாத கைமாற்றாகக் கொடுத்து, முடிந்தபோது திருப்பி வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு வீடு போதும். நகைக்கடன் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கம்மல் திரும்பிப் போவது சின்னக் காரியம் அல்ல. கோயிலோ பள்ளிவாசலோ ஊர்ப் பொதுநிதியோ, வேறு எங்கும் இதைச் செய்யலாம். உட்பொருளை அவரவர் மனத்தில் தோண்டிக்கொள்ளட்டும். இந்த வேலைக்கு ஒரு ரசீதுப் புத்தகமும் இரண்டு நேர்மையான ஆட்களும் போதும்.